தண்ணீர்ச் செடியில் மஞ்சள் இலை: பசியா, மூச்சுத்திணறலா?

பாட்டில் தண்ணீரில் வளர்க்கும் செடியில் ஓர் இலை மஞ்சளானதும் பெரும்பாலும் இரண்டு காரியம் செய்கிறோம். தண்ணீரை மாற்றுகிறோம், அதோடு கொஞ்சம் உரத்தையும் கலந்துவிடுகிறோம். தண்ணீரை மாற்றுவதில் தப்பே இல்லை. உரத்தில்தான் சிக்கல். தண்ணீரில் நிற்கும் செடியின் இலை மஞ்சளாவதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு, ஒன்று பசி, மற்றொன்று வேருக்கு மூச்சுக் கிடைக்காமை, இரண்டுமே இலையைப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். பசித்த செடிக்கு உரம் மருந்து. மூச்சுத் திணறும் செடிக்கு அதே உரம் இன்னும் கெடுதல்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு மணி பிளான்ட் மூலம். கண்ணாடி பாட்டிலில் நன்றாக வளர்ந்துகொண்டிருந்த கொடி. அடியில் ஓர் இலை மஞ்சளானது, உரம் விட்டேன். ஒரே வாரத்தில் இன்னும் மூன்று இலைகள் மஞ்சள். சத்து போதவில்லை போல என்று மறுபடி விட்டேன். கடைசியில் கொடியை வெளியே எடுத்துப் பார்த்தபோது வேரில் பாதி பழுப்பாகி, தொட்டாலே தோல் கழன்று வந்தது. முதல் இலை மஞ்சளான அன்றே வேரைப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலையோடு முடிந்திருக்கும்.

இலை ஏன் மஞ்சளாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மஞ்சள் நிறம் வெளியிலிருந்து புதிதாக வந்து சேர்வதில்லை. கரோட்டினாய்டு என்ற நிறமிகள் பச்சை இலையிலும் எப்போதும் இருக்கின்றன, பச்சையம் அவற்றை மூடி மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். பச்சையம் குறையும்போது அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பச்சையத்தின் ஒரு மூலக்கூறில் நடுவில் ஒரு மக்னீசியம் அணு, அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். இரும்பு அந்த மூலக்கூறுக்குள் இல்லை, ஆனால் அதைத் தயாரிக்கும் வேலைக்கு இரும்பு வேண்டும். ஆக நைட்ரஜன், மக்னீசியம், இரும்பு என்ற மூன்றில் எது வந்து சேராவிட்டாலும் இலை வெளுக்கும்.

'வந்து சேராவிட்டால்' என்று சொன்னதைக் கவனியுங்கள். தண்ணீரில் சத்து இருப்பது வேறு, அது வேர் வழியாக இலைக்குப் போய்ச் சேர்வது வேறு. தண்ணீரில் கரைந்த தாது உப்புகளில் பெரும்பகுதியை வேர் தானாக உறிஞ்சிவிடாது, சக்தியைச் செலவழித்துத்தான் உள்ளே இழுக்கிறது. அந்தச் சக்திக்கு வேர் மூச்சுவிட வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாத வேரைச் சத்துக் கரைசலுக்குள்ளேயே முக்கி வைத்தாலும் அதனால் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் மூச்சுத் திணறும் செடியும் பசித்த செடி மாதிரியே மஞ்சளாகிறது. போதாததற்கு, ஆக்சிஜன் குறைந்த வேரில் உருவாகும் ஒரு சேர்மம் தண்டு வழியாக மேலே போய் இலைகளில் எத்திலீன் வாயுவாக மாறுகிறது, பழங்களைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன்தான். அது இலைகளைத் தொங்க வைத்துச் சீக்கிரம் முதிரவும் வைக்கிறது.

சரி, தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கும்? 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். அதே ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 280 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது முப்பதில் ஒரு பங்கு. அதோடு தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. அசையாமல் நிற்கும் தண்ணீரில் வேர் தன்னைச் சுற்றியுள்ளதைச் செலவழித்துவிட்டால், மேல்பரப்பிலிருந்து அடுத்தது வந்து சேர நேரமாகும். 30 டிகிரியில் நிலைமை இன்னும் மோசம், அதிகபட்ச அளவே சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும், அதே சமயம் வேரும் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களும் வேகமாக மூச்சுவிட்டு அதிகமாகச் செலவழிக்கும். வெயில் நேராக விழும் ஜன்னலில் சின்னக் கண்ணாடி பாட்டிலை வைத்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பாட்டிலைத் தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பாக இருந்தால் முதலில் அதை அங்கிருந்து நகர்த்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பாத்திரத்தின் வடிவமும் நாம் நினைப்பதைவிட முக்கியம். கழுத்து குறுகிய பாட்டிலின் வாய்வரை தண்ணீர் நிரப்பினால் காற்று படும் பரப்பு ஒரு காசு அளவுக்குத்தான் இருக்கும். அதே பாட்டிலில் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் பரப்பு விரிவதோடு, மேல் வேர்களில் ஒரு பகுதி ஈரக்காற்றில் நிற்கும். அந்தப் பகுதி காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், கீழ்ப்பகுதி தண்ணீரையும் சத்தையும் பார்த்துக்கொள்ளும். மோட்டாரோ காற்றுக் குமிழியோ இல்லாமல் தேங்கிய கரைசலில் காய்கறி வளர்க்கும் முறை ஒன்று இருக்கிறது, ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரவலாக்கியது. அது முழுக்க இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் நிற்கிறது: செடி தண்ணீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், வெளியே வந்த வேர்கள் காற்றை வாங்கும். வீட்டில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். மட்டம் ஒரு விரல் இறங்கினாலும் பதறிப்போய் நிரப்பிவிடுகிறோம். வேரில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரில் இருந்தால் போதும், மேல்பகுதி வெளியே இருக்கட்டும். தண்டும் இலைக்காம்பும் தண்ணீருக்குள் இருக்கவே வேண்டாம். முங்கிய இலை அழுகும், அழுகுவது எதுவாக இருந்தாலும் ஆக்சிஜனைத் தின்னும்.

ஆகவே மஞ்சள் இலையைப் பார்த்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, செடியைத் தூக்கி வேரைப் பார்ப்பது. நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும், விரலுக்கு உறுதியாக இருக்கும். பழைய வேர் கொஞ்சம் பழுப்பாக இருந்தாலும் உறுதியாக இருந்தால் கவலை இல்லை. லக்கி பேம்பூவின் வேர் இயல்பிலேயே ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து நறுக்கிவிடாதீர்கள். வேரில் பச்சையாக ஒட்டியிருப்பது பாசி, அது வேறு விஷயம். கெட்ட வேர் பழுப்பாகி, வழவழப்பாகி, இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்து நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். மூக்கையும் பயன்படுத்துங்கள். நல்ல தண்ணீருக்கு வாசனையே இருக்காது. சாக்கடை வாடையோ அழுகிய முட்டை வாடையோ வந்தால் ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் குடியேறிவிட்டன என்று அர்த்தம்.

வேர் அழுகியிருந்தால், வழவழத்த பகுதியை எல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டி, மிச்சத்தை ஓடும் தண்ணீரில் அலசி, பாத்திரத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கூழாங்கல் போட்டிருந்தால் அதையும் கொதிக்கவைத்து எடுத்து, புதுத் தண்ணீரில் வையுங்கள். பித்தியம் என்ற வேரழுகல் கிருமியின் வித்துகள் தண்ணீரில் நீந்தியே வேருக்கு வேர் பரவும், அதனால் அழுகியதில் கொஞ்சத்தை விட்டுவைப்பதில் பிரயோஜனம் இல்லை. அடுத்த ஒன்றிரண்டு வாரம் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும், வெள்ளை நுனிகள் எட்டிப் பார்க்கும். அதுவரை உரம் ஒரு துளிகூட வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அது கிருமியைக் கொல்லும், உண்மைதான், அளவு கூடினால் முளைத்து வரும் மெல்லிய வேர் நுனிகளையும் சுட்டுவிடும். அடிக்கடி தண்ணீர் மாற்றுவதே எனக்கு நம்பகமாகப் படுகிறது.

வேர் வெள்ளையாக, உறுதியாக, வாடையே இல்லாமல் இருக்கிறது, ஆனாலும் இலை மஞ்சள். அப்போதுதான் பசியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தண்ணீர் மட்டும் குடித்துச் செடி வளர்ந்துவிடும் என்று நம்பியது நாம் மட்டும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு பெல்ஜிய வேதியியலாளர் யான் வான் ஹெல்மான்ட் ஒரு வில்லோ மரக் கன்றைத் தொட்டியில் நட்டு ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 164 பவுண்டு கூடியது, மண் குறைந்ததோ சில அவுன்ஸ். மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டினார், இது 1648-இல் அச்சாகியது. 1699-இல் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஜான் வுட்வர்ட் புதினா வகைச் செடிகளை மழைநீரிலும் தேம்ஸ் நதி நீரிலும் மண் கலந்த நீரிலும் தனித்தனியே வளர்த்துப் பார்த்தார். மழைநீரில் நின்றது குறைவாக வளர்ந்தது, மண் கலந்த நீரில் நின்றது நன்றாக வளர்ந்தது. தண்ணீர் எவ்வளவு தூய்மையோ அவ்வளவு பட்டினி. எந்தெந்தத் தாது எவ்வளவு வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது 1860-களை ஒட்டி, ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் வெறும் உப்புக் கரைசலில் செடிகளை முழுசாக வளர்த்துக் காட்டியபோதுதான்.

நம் பாட்டிலுக்கு வருவோம். குழாய்த் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் ஓரளவு இருக்கும், நைட்ரஜன் பெரும்பாலும் பேருக்குத்தான். ஆர்.ஓ. தண்ணீரில் அந்தக் கால்சியம், மக்னீசியம்கூட மிச்சம் இருக்காது. செடி முதல் சில மாதங்கள் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைத்ததைத் தின்று ஓட்டும். அது தீர்ந்ததும் தன் பழைய இலைகளிலிருந்தே உருவி எடுத்துப் புதுத் தளிருக்கு அனுப்பும். நைட்ரஜன், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செடிக்குள் இடம் மாறக்கூடியவை, அதனால் அவற்றின் பஞ்சம் அடி இலையில் முதலில் தெரியும். இரும்பு ஓர் இலையில் உட்கார்ந்தால் அங்கிருந்து கிளம்பாது, அதனால் இரும்புப் பஞ்சம் புதுத் தளிரில் தெரியும். அடி இலை முழுசாகச் சீராக வெளுத்து, புது இலைகள் முன்னதைவிடச் சின்னதாக வந்தால் நைட்ரஜன் பசி என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம். அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். அதே கோலம் தளிரில் இருந்தால் இரும்பு. இரும்பு விஷயத்தில் ஒரு சிக்கல், கடினமான காரத்தன்மையுள்ள தண்ணீரில் இரும்பு இருந்தாலும் கரையாமல் அடியில் தங்கிவிடும், அதனால் கீலேட் வடிவ இரும்பு, அதாவது கரைந்த நிலையிலேயே இருக்கும்படி வேறொரு மூலக்கூறு பிடித்து வைத்திருக்கும் இரும்பு உள்ள உரமாக வாங்க வேண்டும். ஆணி, பழைய இரும்புத் துண்டு போடுவதெல்லாம் அந்தத் தண்ணீரில் துரு பிடிக்கத்தான் உதவும்.

உரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஹைட்ரோபோனிக்ஸுக்கென்று, அதாவது மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்ப்பதற்கென்று விற்கும், நுண்ணூட்டங்களும் சேர்ந்த திரவ உரம் எதுவும் சரி. மண்ணுக்கான உரங்கள் பலவற்றில் நைட்ரஜன் யூரியாவாக இருக்கும். மண்ணில் அதை உடைத்து அம்மோனியமாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கித் தர பாக்டீரியாக் கூட்டமே இருக்கிறது, சுத்தமான பாட்டிலில் அது இருக்காது. பாக்கெட்டின் பின்பக்கம் படித்து நைட்ரேட் நைட்ரஜன் அதிகமுள்ளதை எடுங்கள். அளவு, போட்டிருப்பதில் கால் பங்கு, மாதம் ஒருமுறை, அதுவும் தண்ணீரை முழுசாக மாற்றும் நாளில். அவ்வளவு போதும். பழத்தோல் ஊறிய தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் எதையும் பாட்டிலில் ஊற்றாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். மண்ணில் ஊற்றினால் பரவாயில்லை. தேங்கிய தண்ணீரில் அது நுண்ணுயிர்களுக்கு விருந்து, அவை பெருகி ஆக்சிஜனை முழுக்கக் காலி செய்துவிடும். பசிக்குச் சோறு போடப்போய் கழுத்தைப் பிடித்த கதை.

தண்ணீரிலேயே கோளாறு இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்திருந்தால் அப்படிப் போகாது. ஃபுளோரைடும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் ஆவியாவதால் இன்னும் செறிவாகும். இது மணி பிளான்ட்டை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. லக்கி பேம்பூ தாங்காது. அது மூங்கிலே இல்லை, டிரசீனா இனத்தைச் சேர்ந்தது, அந்த இனமே ஃபுளோரைடுக்கு நொந்துபோகும். முதலில் இலை நுனி பழுப்பாகிக் காயும், அதை ஒட்டி மஞ்சள் படரும். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கொடுத்து, கூடவே மிகக் கொஞ்சம் உரம் சேர்த்தால் அடுத்து வரும் இலைகள் நன்றாக வரும். தண்ணீரை மாற்றாமல் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை சீக்கிரம் வரும், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு எல்லாம் பாட்டிலிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் அது அந்த உப்புதான். வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை முழுசாகக் கொட்டி மாற்றுங்கள். புதுத் தண்ணீர் அறையின் வெப்பத்திலேயே இருக்கட்டும்.

லக்கி பேம்பூவில் இலை மஞ்சளாவதும் தண்டு மஞ்சளாவதும் ஒன்றில்லை. இலைக்கு மேலே சொன்ன காரணங்கள். தண்டே கீழிருந்து மஞ்சளாகி அமுக்கினால் மெத்தென்று இருந்தால் அந்தப் பகுதி திரும்பி வராது. கட்டாக வைத்திருந்தால் அந்தத் தண்டை உடனே பிரித்து எடுங்கள், அழுகும் தண்டு மற்றவற்றின் தண்ணீரையும் கெடுக்கும். மேலே பச்சையாக உறுதியான பகுதி இருந்தால் ஒரு கணுவுக்குக் கீழே வெட்டித் தனியாகத் தண்ணீரில் வையுங்கள், கணுவிலிருந்து வேர் வரும்.

வெளிச்சத்தைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. மிகவும் இருட்டான மூலையில் செடி தன்னால் கட்டுப்படியாகாத அடி இலைகளைக் கைவிடும், நேர் வெயிலில் ஜன்னல் பக்கம் பார்த்த இலை மட்டும் திட்டுத்திட்டாக வெளுக்கும். பொடிப்பொடியாக ஊசிமுனை மாதிரி மஞ்சள் புள்ளிகள் இருந்தால் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், அது சிலந்திப்பேன் வேலையாக இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தாலே பாதி குறையும். தெளிவான கண்ணாடி அழகுதான், ஆனால் வெளிச்சம் உள்ளே போவதால் பாசி பிடிக்கும், அது சத்தையும் எடுத்துக்கொண்டு இரவில் ஆக்சிஜனுக்கும் போட்டியிடும். கருநிறப் பாட்டிலோ, கண்ணாடியைச் சுற்றி ஒரு தாளோ துணியோ போதும்.

எல்லா மஞ்சளும் நோய் இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வெட்டித் தண்ணீரில் வைத்த துண்டில் வேர் இன்னும் வராத நாட்களில், செடி ஓர் இலையை மஞ்சளாக்கி அதிலிருந்த சத்தை வேர் உருவாக்கச் செலவழிக்கும். கணு தண்ணீருக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். மண்ணில் வளர்ந்த செடியைத் தண்ணீருக்கு மாற்றினால் இன்னும் பெரிய அதிர்ச்சி, மண்ணுக்காக உருவான வேர்கள் தண்ணீரில் நிறைய செத்துப்போகும், அதற்குப் பதிலாக உள்ளே காற்றுக் குழாய் மாதிரி இடைவெளிகள் உள்ள புது வேர்கள் வர வேண்டும். அந்தச் சில வாரங்களில் நான்கைந்து இலைகள் போகலாம். அப்போது செய்ய வேண்டியது அழுகும் பழைய வேரை அவ்வப்போது நீக்குவதும் தண்ணீரை அடிக்கடி மாற்றுவதும்தான். உரம் புது வேர் வந்த பிறகு. கொடியின் அடியில் வயதான இலை ஒன்று சில மாதங்களுக்கு ஒருமுறை மஞ்சளாகி உதிர்ந்தால் அது அதன் ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான்.

மஞ்சளான இலையை என்ன செய்வது? முழுக்க மஞ்சளானது மறுபடி பச்சையாகாது. பாதி வெளுத்தது, காரணம் நைட்ரஜன் அல்லது இரும்புக் குறை என்றால், சத்து கிடைத்ததும் ஓரளவு திரும்பலாம். பசியால் மஞ்சளாகும் இலையை அவசரப்பட்டுக் கிள்ளாதீர்கள், செடி அதிலிருந்து இன்னும் சத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது, தானாகக் கழலும்வரை விடலாம். மெத்தென்று அழுகும் இலையையும் தண்ணீரைத் தொடும் இலையையும் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். மணி பிளான்ட், பீஸ் லில்லி, சிங்கோனியம் இலைகளில் ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, நாயோ பூனையோ சின்னக் குழந்தையோ வாயில் வைத்தால் வாயெல்லாம் எரியும், அதனால் கிள்ளியதைத் தரையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இடத்தையும் மாற்றி, தண்ணீரையும் மாற்றி, உரமும் விட்டால் எது வேலை செய்தது என்று தெரியவே தெரியாது. பழைய இலைகளைப் பார்த்து முன்னேற்றத்தை அளக்கவும் முடியாது, செடி ஏற்கெனவே கைவிட்டுவிட்ட ஓரிரண்டு இலைகள் சிகிச்சைக்குப் பிறகும் மஞ்சளாகிக்கொண்டுதான் இருக்கும். பார்க்க வேண்டியது வேர் நுனியையும் அடுத்து விரியும் தளிரையும். என் மணி பிளான்ட்டில் அழுகிய வேரை வெட்டி எறிந்த பிறகும் இரண்டு இலைகள் விழுந்தன. இருபது நாள் கழித்து மேல் கணுவில் வெள்ளையாக அரை விரற்கடை நீளத்துக்கு ஒரு வேர் நீட்டியிருந்தது, அடுத்து விரிந்த இலை பச்சையாகவே வந்தது.